மாதவிடாய் நின்ற பின் இரத்தக்குழாய் நலம்: நடையும் சோயாவும் பற்றிச் செட்டிநாட்டுப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், நான் உணவியல் படித்தவள் என்று தெரிந்ததும், பந்தி முடிந்து முகப்பில் உட்காரும் நேரத்தில் இரண்டு மூன்று பேர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்களில் பெரும்பாலோர் நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள். கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றையும் விடைகளையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

மாதவிடாய் நிற்பது கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கும் இரத்தக்குழாய்க்கும் என்ன தொடர்பு?

தொடர்பு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பின் வழியாக வருகிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்காக மட்டும் வேலை செய்வதில்லை. தமனிகளின், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களின், உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் உட்சுவர்ச் செல்களையும் தூண்டி, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கச் செய்கிறது. தமனிச் சுவரின் தசையைத் தளர்த்தி, தேவைப்படும்போது குழாயை விரிய வைப்பது இந்த வாயுதான். உடலுக்குள் ஒரு வாயு இப்படிச் செய்தி சொல்லும் வேலை பார்க்கிறது என்று கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்வது மருத்துவ வழக்கம். நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதிலேயே நேர்கிறது; மேல்நாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 51 வயதில். அதாவது ஈஸ்ட்ரோஜனின் பாதுகாப்பை நாம் நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே இழக்கிறோம். அது குறைந்ததும் குழாய் விரிவதில் சுணக்கம் வருகிறது, சுவர் மெல்ல விறைக்கிறது, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் ஏறுகிறது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவில் 1,054 பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. எல்டிஎல் அளவு வயதோடு சீராக ஏறவில்லை என்றும், கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள்ளேயே டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் தாவியது என்றும் அதில் தெரிந்தது. “போன வருஷம்கூடச் சரியாக இருந்ததே” என்று அறிக்கையைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு இதுவே விடை.

என் தமனி எப்படி இருக்கிறது என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்வது?

ஆராய்ச்சியாளர்கள் செய்யும் சோதனை ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். குழாயின் உட்சுவர் என்ன வேலை செய்கிறது என்பது அதில் கண்கூடாகத் தெரியும். முன்கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி, 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்பார்கள். பிறகு சட்டென்று காற்றை இறக்குவார்கள். கண்மாய் மடையைத் திறந்தாற்போல் இரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சல் உட்சுவரை உரசும்போது அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, முழங்கைக்கு மேலுள்ள தமனி விரியும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளப்பார்கள். நல்ல தமனி நன்றாக விரியும். சோர்ந்த தமனி பேருக்கு அசையும். விறைப்பை அளப்பதற்கு, நாடித்துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடைக்கு எவ்வளவு விரைவில் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டுப் போனால் தண்ணீர் எப்படி உதைத்துக்கொண்டு வருமோ, அப்படி விறைத்த தமனியில் அலை வேகமாக ஓடும்.

இந்தச் சோதனைகள் உங்களுக்கும் எனக்கும் தேவையில்லை. இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்புகளின் அளவு, இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கும் போதும். மருத்துவமனையில் அளக்கும்போது அழுத்தம் திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது “எனக்கு ஒன்றுமில்லை, ஐயாவுக்குப் பாருங்கள்” என்று வீட்டுப் பெரியவரைக் கைகாட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விடும் ஆச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். கையை முதலில் நீட்ட வேண்டியவர் அந்த ஆச்சிதான்.

நடப்பது போதுமா? அல்லது ஓட வேண்டுமா, ஜிம்முக்குப் போக வேண்டுமா?

நடை போதும், ஆனால் அது நடையாக இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற 73,743 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், விறுவிறுப்பாக நடந்தவர்களுக்கும் கடும் பயிற்சி செய்தவர்களுக்கும் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் செலவிட்டவர்களிடம் அந்தக் குறைவு ஏறத்தாழ 30 சதவீதம். நடப்பவர்கள் மற்ற விதங்களிலும் ஆரோக்கியமாக இருந்திருக்கலாம் என்பதால், அந்த 30 சதவீதம் முழுவதையும் நடையின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனாலும், அதே ஆய்வில் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் திசை தெளிவாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. மிதமானது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம்: கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. இடுப்பில் கைபேசியைச் செருகிக்கொண்டு, ஊருணிக் கரையில் இருவர் இருவராக, நேற்றைய சீமந்தத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசியபடி போவது உலாவல். அதிலும் நன்மை உண்டு. ஆனால் தமனிக்கு அது போதாது.

நடை தமனிக்கு எப்படி உதவுகிறது என்பதை மேலே சொன்ன மடை உவமையிலேயே காணலாம். வேகமாக நடக்கும்போது இரத்தம் விரைந்து ஓடி உட்சுவரை உரசுகிறது. ஈஸ்ட்ரோஜன் செய்துவந்த தூண்டுதலில் ஒரு பகுதியை இந்த உரசல் செய்கிறது. ஒரு பகுதி என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் இல்லாத நிலையில், பெண்களின் தமனி விரியும் திறன் பயிற்சியால் ஆண்களுக்குக் கூடும் அளவு கூடுவதில்லை என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அதைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பெரிய தமனிகளின் விறைப்பு சில மாத நடையிலேயே குறைகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது. உட்சுவரின் பதில் சற்று மந்தமாக இருந்தாலும் மற்றவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

காலையிலிருந்து இரவு வரை வீட்டு வேலை செய்கிறேன். அதுவே பயிற்சி இல்லையா?

எந்த வீடு, எந்த வேலை என்பதைப் பொறுத்தது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீளும் நம் வீடுகளில், பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை குறுக்கே போய்வந்தாலும், ஒவ்வொரு நடையும் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூச்சு வாங்கும் அளவுக்கு நீள்வதில்லை. நம் அப்பத்தாள் காலத்து வேலை வேறு. ஆட்டுக்கல், உலக்கை, ஊருணித் தண்ணீர் என்று எல்லாமே உடம்பை வாங்கும் வேலைகள். அந்த வேலைகளை மின்சாரத்துக்குக் கொடுத்துவிட்டோம். அந்தக் காலத்துப் பலகாரத்தட்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டோம்.

இருந்தாலும் வீடே நடைபாதையாக உதவும் சமயங்கள் உண்டு. சித்திரை வெயிலிலும், ஐப்பசி மழையிலும், தெருவில் தனியே நடக்கத் தயக்கமுள்ள இடங்களிலும், வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நிற்காமல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை வேகமாகச் சுற்றி வரலாம். துண்டு துண்டாகச் செய்யும் நடையும் கணக்கில் சேரும். சாப்பிட்டவுடன் நடக்கும் 10 நிமிடம் சர்க்கரைக்கு விசேஷமாக நல்லது. ஒரே எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரக்காலோடு வேகமாக நடக்காதீர்கள். இந்த வயதில் எலும்பும் மெலிந்திருக்கும்.

வருடந்தோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறேன். அது போதாதா?

குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு நாள்கணக்காக நடந்து போகும் உறுதி பெரிய உறுதிதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தமனிக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே அதன் பலன் கரையத் தொடங்கிவிடும். தை மாத நடை ஆடி மாதத்துக்கு உதவாது. உண்மையில், ஆண்டு முழுதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே வாரத்தில் பாதயாத்திரை போவதுதான் இதயத்துக்குச் சோதனை. பழனிக்குப் போக நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே தினசரி நடையைத் தொடங்கி, பூசம் முடிந்த பிறகும் அதை விடாமல் இருந்தால் இரண்டு வேண்டுதலும் நிறைவேறும்.

முழங்கால் வலிக்கிறது. எப்படி நடப்பது?

சமதரையில், மெத்தென்ற செருப்போடு, சிறு சிறு தூரமாக நடந்து பாருங்கள். அதுவும் முடியாதவர்கள் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளைப் பயன்படுத்தலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் தமனி விறைப்பைக் குறைத்துக் காட்டிய ஆய்வுகளில் சில அந்த சைக்கிளைக் கொண்டே செய்யப்பட்டவை.

எடை தூக்கும் பயிற்சி பெண்களுக்கு, அதுவும் இந்த வயதில், தேவையா?

தேவை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அதே பரிந்துரையில் உள்ளது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேரும். உங்கள் வீட்டு பர்மா தேக்குத் தூண் இதற்கு வசதியானது. தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்தில் தூணில் ஊன்றி, முழங்கையை மடக்கி உடம்பைத் தூணருகே கொண்டுபோய், மீண்டும் தள்ளி நிமிருங்கள். பத்து முறை. அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். அதுவும் பத்து முறை. பிறகு ஒரு கையால் தூணைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள்.

எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் அந்த நொடியில் இரத்த அழுத்தம் மிக உயரமாக ஏறும். மிகக் கனமான எடைகளை மட்டுமே தூக்கிவந்தவர்களிடம் தமனி சற்று விறைத்ததையும் சில ஆய்வுகள் கண்டுள்ளன. மிதமான எடையும் நடையும் சேர்ந்திருக்கும்போது அந்தக் கவலை வேண்டாம்.

சோயாவில் அப்படி என்ன இருக்கிறது?

சோயா மொச்சையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், அதுவும் பெரும்பகுதி நல்ல வகை, நார்ச்சத்தும் உண்டு. இவற்றோடு ஐசோஃப்ளேவோன் என்னும் பொருள்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றின் அமைப்பு ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், ஈஸ்ட்ரோஜன் போய் அமரும் ஏற்பிகளில் இவையும் அமர்கின்றன; ஆனால் மிக மென்மையாகவே செயல்படுகின்றன. அதிலும் தமனியில் மிகுதியாக உள்ள வகை ஏற்பியை அவை அதிகம் நாடுகின்றன. உளுந்து, துவரை போன்ற நம் பருப்புகளில் ஐசோஃப்ளேவோன் துளியளவுதான். இந்த ஒரு விஷயத்தில் உளுந்தங்களி சோயாவுக்கு ஈடாகாது.

கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் பர்மாவிலிருந்து தேக்கையும் கவுனி அரிசியையும் கொண்டுவந்தார்கள் என்பார்கள். சோயா மட்டும் ஏனோ கப்பல் ஏறவில்லை. அதனால் அது நமக்கு ஊர்ப்பொருள் ஆகாமல் மளிகைக்கடைப் பொட்டலமாகவே வந்து சேர்ந்தது.

அப்படியானால் சோயா ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்றா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மாற்று இல்லை. இந்த இடத்தில்தான் விளம்பரமும் உண்மையும் பிரிகின்றன என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

1999இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஒரு நாளைக்கு 25 கிராம் சோயா புரதம் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அனுமதித்தது. உலகெங்கும் சோயாவுக்குப் பிறந்த மவுசின் பெரும்பகுதி அந்த அனுமதியிலிருந்து வந்தது. 2006இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த அளவுக்கும் அதிகமாகச் சோயா புரதம் உண்டாலும் எல்டிஎல் ஏறத்தாழ 3 சதவீதமே குறைகிறது என்று தெரிந்தது. 2017இல் அதே நிர்வாகம், சான்று முன்பு நினைத்த அளவு உறுதியாக இல்லை என்று சொல்லி, அந்த வாசகத்துக்கான அனுமதியைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. 3 சதவீதம் என்றால், எல்டிஎல் 150 இருப்பவருக்கு நான்கைந்து புள்ளி இறங்கும். ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, கொண்டாடவும் முடியாது.

தமனிச் சுவரையே நேராக அளந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், மாதவிடாய் நின்ற 350 பெண்களில் ஒரு பாதிக்கு நாள்தோறும் 25 கிராம் சோயா புரதமும், மறுபாதிக்குப் பால் புரதமும் கொடுத்து, ஏறத்தாழ 2.7 ஆண்டு கவனித்தார்கள். சோயாவில் 91 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் இருந்தது. கழுத்துத் தமனியின் சுவர் தடிக்கும் வேகம் சோயா உண்டவர்களிடம் 16 சதவீதம் குறைந்திருந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவிலேயே இருந்தது. ஆனால் மாதவிடாய் நின்று ஐந்தாண்டு முடியாத பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தக் குறைவு 68 சதவீதமாக இருந்தது. ஒரு பெரிய ஆய்வுக்குள் சிறு குழுவைப் பிரித்துப் பார்த்துக் கிடைத்த முடிவு என்பதால் இதை அடக்கத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், சுவர் கெட்டிப்படுவதற்கு முன்பே தொடங்கினால் பலன் உண்டு என்னும் குறிப்பு அதில் இருக்கிறது. நடைக்கும் உணவுக்கும் நாற்பத்தைந்து வயதை ஒரு கெடுவாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஒரே அளவு சோயா உண்டும் எல்லோருக்கும் ஒரே பலன் ஏன் வருவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். டெய்ட்சீனைக் குடலிலுள்ள சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்னும் வலுவான பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இல்லை. சோயாவைத் தலைமுறைகளாக உண்டுவரும் ஜப்பானில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு, மேல்நாடுகளில் நான்கில் ஒருவர் அளவுக்கே உண்டு.

மீல்மேக்கர் சோயாதானா? எவ்வளவு சாப்பிடலாம்?

சோயாதான். எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திப் பொரித்தாற்போல் உப்ப வைத்து எடுப்பதுதான் மீல்மேக்கர். அதன் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். 30 கிராம் உலர்ந்த உருண்டைகள், அதாவது ஒரு சிறிய கிண்ணம், 15 கிராம் புரதம் தரும். ஒரு டம்ளர் சோயா பாலில் ஆறேழு கிராம் உண்டு. சோயா எண்ணெயில் ஐசோஃப்ளேவோன் கிடையாது. சோயா சாஸில் இருப்பது உப்பு.

25 கிராம் என்ற எண்ணைத் தினமும் துரத்த வேண்டாம். வாரத்தில் மூன்று நான்கு நாள், ஏற்கெனவே தட்டில் இருக்கும் வேறு ஒன்றுக்குப் பதிலாகச் சோயா வருவதே போதுமானது என்பது என் எண்ணம். ஏனென்றால், சோயாவின் நன்மையில் பெரும்பங்கு அது எதை வெளியே தள்ளுகிறது என்பதில் இருக்கிறது. ஆட்டுக்கறி, உப்புக்கண்டம் ஆகியவற்றின் இடத்தில் அது வந்தால் கெட்டிக் கொழுப்பும் உப்பும் குறையும். ஆட்டுக்கறியோடு கூடவே வந்தால் வயிறு நிறையும், அவ்வளவுதான்.

நம் சமையலுக்கு அது பொருந்துமா? வீட்டில் யாரும் தொடுவதில்லை.

பெரும்பாலும் தவறு ஊறவைப்பதில் நடக்கிறது. மீல்மேக்கரைக் கொதித்த நீரில் போட்டு, கல்லுப்பு ஒரு சிட்டிகை சேர்த்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஊறியதும் இரண்டு கையாலும் பிழியுங்கள். வெளிர் மஞ்சளாக நுரைத்த நீர் வரும், பயறு நெடி அந்த நீரில்தான் இருக்கிறது. குளிர்ந்த நீரில் அலசி இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை, உருண்டை பஞ்சுபோல் லேசாகும் வரை பிழியுங்கள். அதற்குப் பிறகு சோம்பு, பட்டை, கல்பாசி தாளித்து, சின்ன வெங்காயத்தோடு மிளகு சேர்த்து சுக்காவாகப் பிரட்டினால் மசாலா உள்ளே இறங்கும். ஒரு முறை பிழிந்துவிட்டு எண்ணெயில் போட்டுப் பொரித்து, பேருக்கு ஒரு மிளகாய்த்தூள் தூவுவதால்தான் அது ரப்பராகிறது. பொரிப்பதால் பஞ்சு எண்ணெயைக் குடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முழுச் சோயா மொச்சையை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் அது போகாது. வெந்ததை அரிசி களைந்த நீர் ஊற்றி, புளியும் பூண்டும் சேர்த்து, நாட்டு மொச்சைக்குச் செய்வது போலவே மண்டி வைக்கலாம். எங்கள் வீட்டில் அது சோயா என்று சொல்லாமல் இலையில் வைத்தபோதுதான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. பாமாயிலில் ஏறத்தாழ பாதி கெட்டிக் கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஆறில் ஒரு பங்கு அளவே. காரைக்குடியில் செக்காலை என்று ஒரு பகுதிக்கே பெயர் இருக்கும்போது நல்லெண்ணெய்க்கு வக்காலத்து வாங்க நான் தேவையில்லை. ஆனால் செக்கில் ஆட்டியது என்பதற்காக அளவு மறந்து ஊற்றினால் எந்த எண்ணெயும் வயிற்றில்தான் சேரும். தேன்குழலும் கந்தரப்பமும் விசேஷத்துக்குச் செய்யப்பட்டவை. அவை டப்பாவில் அடைபட்டு ஆண்டு முழுதும் கையெட்டும் தூரத்தில் இருப்பது புதுப் பழக்கம்.

நடையும் சோயாவும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகுமா?

இரட்டிப்பாகும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. இரண்டும் ஒரே நைட்ரிக் ஆக்சைடு வழியைத் தூண்டுவதால், ஒன்றின் பலன் மற்றதன் மேல் அப்படியே அடுக்கப்படும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. என்னைக் கேட்டால் நடைக்கு முதலிடம் தருவேன். சோயா அதன் துணை. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சோயா பால் காய்ச்சும் நேரத்தில் நடந்துவிட்டு வாருங்கள்.

ஐசோஃப்ளேவோன் மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா? புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்களே?

உணவாக உண்ணும் சோயாவால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகச் சான்று இல்லை. சோயா உணவு அதிகம் உண்ணும் ஆசியப் பெண்களிடம் அந்த நோய் குறைவாகவே காணப்பட்டுள்ளது. மாத்திரை வேறு விஷயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பரிசீலித்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வழக்கமான அளவு மாத்திரைகளால் மார்பகம், கர்ப்பப்பை, தைராய்டு ஆகியவற்றுக்குத் தீங்கு இருப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தீங்கில்லை என்பது பயனுண்டு என்று ஆகாது. மாத்திரை ஆட்டுக்கறியைத் தட்டிலிருந்து வெளியே தள்ளவும் செய்யாது. எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், கைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி மாதம் பல நூறு ரூபாய்க்கு இதை வாங்கிக்கொண்டு, அழுத்த மாத்திரையை “இரண்டும் எதற்கு” என்று நிறுத்தியிருந்தார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் சோயாவைக் காலை உணவில் வைக்க வேண்டாம். அது மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரை விடியலில், சோயா மதியத்தில் என்று பிரித்துக்கொண்டால் போதும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரக நோயுள்ளவர்களும் உணவை மாற்றும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோயா சாப்பிடுகிறேன், நடக்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. சோயா எல்டிஎல்லை மூன்று நான்கு சதவீதம் குறைக்கிறது. ஸ்டாட்டின் வகை மாத்திரை 30 முதல் 50 சதவீதம் குறைக்கிறது.

ஹார்மோன் சிகிச்சையே எடுத்துக்கொண்டால் என்ன?

கடுமையான உடல்சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு மருத்துவர் அதைத் தரலாம். இதயத்தைக் காப்பதற்கென்று எடுப்பதில்லை. 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் கூட்டுச் சிகிச்சை ஆய்வு, நன்மையைவிட ஆபத்து மிகுந்ததால் 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

என் மாமியாருக்கு 68 வயது. மாதவிடாய் நின்று இருபது வருடம் ஆகிவிட்டது. இனித் தொடங்கி என்ன பயன்?

சோயாவிடம் தமனிச் சுவரை மாற்றும் பலனை அவர் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நல்ல புரதமாக அது இந்த வயதில் தேயும் தசைக்குத் தேவைப்படும். நடை எந்த வயதிலும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், விழாமல் காக்கும். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனை வரை, நீங்களும் கூடப் போங்கள். பத்து நிமிடம் தடையில்லாமல் நடக்க முடிந்த பிறகு தூரத்தைக் கூட்டுங்கள்.

நடக்கும்போது எதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் பாரம், இறுக்கம், தாடை, கழுத்து, இடது கை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலியே பெரிதாக இல்லாமல், குமட்டலாகவும் காரணமில்லாத களைப்பாகவும் வரும். “வாயுப் பிடிப்பு” என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதும், பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருப்பதும் நம் வீடுகளில் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. உட்கார வையுங்கள், 108க்குப் பேசுங்கள், வழக்கமாக எடுக்கும் மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.